நாத்தனார் முடிச்சு

கன்னத்தில் விழும் அறைக்கு டப்பிங் கிடையாது. அது பிரான்சு அரண்மனையில் விழுந்தாலும் சாலிகிராமத்தில் விழுந்தாலும் ஒரே சத்தம்தான், படத்தோடு வரும் ஒலியிலேயே இருக்கிறது, நாங்கள் தொடுவதில்லை. எங்களுக்கு வேண்டியது அறைவதற்கு முன்னால் அந்த அம்மாள் இழுக்கும் மூச்சும், அறைந்த பிறகு அவள் சொல்லும் ஒரே ஒரு வரியும். அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் திலகா மேடம் நிற்கிறார். அறுபது வயது, முப்பது வருஷமாகத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் அழுத அம்மாக்களில் பாதிப் பேருக்கு அவர்தான் குரல். என் பக்கத்தில் ஜெரோம், சவுண்ட் என்ஜினீயர், திரையில் அந்த அம்மாளின் வாயை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். வசனம் என்னுடையது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார்கள், அதை வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதுவேன், பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ‘என்னை அவமானப்படுத்திவிட்டாய்’ என்று எழுதியிருந்தேன். திரையில் அந்த அம்மாள் வாயை மூடிய பிறகும் திலகா மேடம் ‘விட்டாய்’ சொல்லிக்கொண்டிருக்கிறார். “மேடம், லிப் போகுது” என்கிறான் ஜெரோம், நாலாவது தடவையாக. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது. நாலு மணிக்குள் முகுந்தனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ. இருபது நாளாகச் சொல்லாததை இன்னும் எண்பது நிமிஷத்தில் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்காவது பஸ் ஏறினால்தான் ராத்திரி கடலூர் போய்ச் சேர முடியும். நாளைக் காலை ஏழரைக்குத் திருவந்திபுரம் மலைக்கோயிலில் அவன் கல்யாண முகூர்த்தம். ‘மானம் போச்சு’ என்று எழுதிப் பார்க்கிறேன். உதடு ஒட்டுகிறது, ‘ம’வுக்கு வாய் மூட வேண்டும், அந்த அம்மாள் வாயைத் திறந்துகொண்டிருக்கிறாள். எழுதியதை அடித்தேன்.

அந்த அம்மாள் பதினான்காம் லூயியின் தம்பி பெண்டாட்டி. ஜெர்மனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ரோஷக்காரி. அவளுடைய ஒரே பையனுக்கு ராஜா தன் பெண்ணைக் கொடுக்கிறேன் என்கிறார். அந்தப் பெண் ராணி வயிற்றில் பிறந்தவள் இல்லை, மோன்தெஸ்பான் என்ற சீமாட்டிக்குப் பிறந்தவள். பையன் பெரியப்பா முன்னால் எதிர்த்துப் பேசத் தைரியமில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டான். மறுநாள் கூடத்தில் எல்லோரும் நிற்கும்போது வழக்கம்போல அம்மா கையை முத்தமிடக் குனிகிறான், அப்போதுதான் அந்த அறை. நிஜமாக நடந்தது என்று அங்கே இருந்த ஒரு பிரபுவே எழுதிவைத்திருக்கிறாராம். எங்கள் தொடரை வாங்கிய கம்பெனிக்காரருக்கு அறை பிரச்சினையில்லை, முறைதவறிப் பிறந்த பெண் பிரச்சினையில்லை. “ஏம்மா சாருமதி, தம்பி மகன் அண்ணன் மகளைக் கட்டுறானா? அது அண்ணன் தங்கச்சி முறையாச்சே, நம்ம ஜனங்க டிவியை உடைப்பாங்க” என்றார். ஆகவே லூயி மன்னரை அந்தப் பையனுக்குத் தாய்மாமன் ஆக்கிவிட்டேன். தம்பியைத் தங்கை புருஷனாக மாற்றினேன், ஏழு எபிசோடில் வசனத்தைத் திருத்தினேன். மாமன் மகள் என்றதும் எல்லாம் சுபம். முன்னூறு வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் அடித்துக்கொண்ட சங்கதியை நான் ஒரு மத்தியானத்தில் சரிசெய்தேன் என்று ஜெரோம் கிண்டல் செய்கிறான். எனக்கு முன்னால் இதை எழுதியவர் இன்னும் பெரிய ஆள். முறைதவறிப் பிறந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘நேச்சுரல் சில்ட்ரன்’ என்று இருந்ததைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, அந்தப் பிள்ளைகளை ‘ராஜாவின் இயற்கைப் பிள்ளைகள்’ என்று எழுதிவைத்திருந்தார். படித்ததும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முகுந்தன் என் அப்பாவுக்கு இயற்கைப் பிள்ளை என்றால் நான் யார், செயற்கைப் பிள்ளையா.

இந்தத் தொடருக்காக நிறையப் படிக்க வேண்டியதாயிற்று. படித்துத் தொலைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், படிக்காமல் இருந்திருந்தால் முகுந்தனுக்கு இருபது நாள் முன்பே இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தச் சீமாட்டிக்குக் குழந்தைகள் பிறக்கப் பிறக்க, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் வைத்து ரகசியமாக வளர்த்தார்கள். வளர்க்க ஒரு விதவையை வைத்தார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று அவளே ஏணி ஏறித் திரைச்சீலை மாட்டுவாளாம். யாராவது ஏதாவது கேட்டால் முகம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று வைத்தியனிடம் போய் உடம்பிலிருந்து ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துவிட்டு வருவாளாம். பொய் சொல்ல அத்தனை பாடு. எங்கள் அப்பா அத்தனை சிரமமெல்லாம் படவில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், பெயர் வைத்தியலிங்கம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. ‘பண்ருட்டிப் பக்கம் லைன் பார்க்கணும்’ என்று சொல்லிவிட்டு வண்டியை உதைப்பார், அவ்வளவுதான். பலாப்பழ சீசனில் திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் ஒரு பழம் கட்டியிருக்கும். வெறுங்கையோடு வந்திருந்தால்கூடப் பொய் நின்றிருக்கும், யாரோ பொறுக்கிக் கட்டிக் கொடுத்த பழத்தோடு வந்துதான் அதைக் கெடுத்தார். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கூடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து அதை அரிவாள்மணையில் பிளப்பாள். சுளை சுளையாக எடுத்துத் தெரு முழுக்கக் கொடுப்பாள், எனக்கு ஒரு கிண்ணம் நிறைய வைப்பாள். தான் ஒரு சுளை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. அங்கே அவருக்கு இருந்த இன்னொரு வீட்டை எங்கள் வீட்டில் ‘பண்ருட்டி’ என்றுதான் சொல்வோம். அவளையும் அப்படித்தான். ‘பண்ருட்டிக்குப் பிள்ளை பிறந்திருக்காம்’ என்று அத்தை வந்து சொன்னபோது எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ‘ஆம்பளையா?’ என்று மட்டும் கேட்டாள். அத்தை ஆமாம் என்றாள். அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தாள், மறுபடியும் கொட்டினாள், அன்றைக்குச் சாதம் ருசியே இல்லை. பிரான்சில் பட்டத்து ராணி என்ன செய்தாள்? ஒரே வண்டியில் ராஜா, ராணி, கூட இரண்டு ஆசைநாயகிகள் போவார்களாம், ஜனங்கள் மூணு ராணியைப் பார்க்க ஓடி வருவார்களாம். கடலூர் டவுன் பஸ்ஸில் அம்மாவும் பண்ருட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். அம்மா ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“மேடம், நீங்க எங்கயோ இருக்கீங்க” என்கிறான் ஜெரோம் என்னிடம். இல்லை, இங்கேதான் இருக்கிறேன். ‘வெட்கமா இல்ல’ என்று போட்டுப் பார்க்கலாமா. திலகா மேடம் சொல்லிப் பார்க்கிறார், நீளம் சரி, கடைசியில் வாய் மூடுகிற இடம் இடிக்கிறது. அந்த அம்மாள் திரையில் மறுபடியும் மூச்சை இழுக்கிறாள், மறுபடியும் அறைகிறாள். பையன் மறுபடியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சுற்றிலும் நிற்பவர்கள் கேட்காத மாதிரி நிற்கிறார்கள். முகுந்தனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவனும் இப்படித்தான் நின்றான். எட்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த அன்று. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது, வாசலில் பந்தல், எதிரே தெருவிளக்குக் கம்பத்தடியில் இருபத்தொரு வயசுப் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறான். யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூக்கும் நெற்றியும் அப்பாவுடையது, சொல்ல என்ன இருக்கிறது. வாடா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுடுகாட்டில் கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பெற்ற பிள்ளை கம்பத்தடியில் நிற்க, பங்காளி வந்து வைத்தான், அவன் பெங்களூரிலிருந்து அப்போதுதான் காரில் வந்து இறங்கியிருந்தான். பத்து நாள் கழித்துக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனைப் பார்த்தேன், தலையை மழித்திருந்தான். தன் வீட்டில், தன் பாட்டுக்கு, யாருக்கும் சொல்லாமல் மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் நின்று, ‘அக்கா’ என்றான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நாற்பது வயதை நெருங்கும்போது ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்கா என்கிறான். நான் ‘பஸ் வந்துடுச்சு’ என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் பஸ்ஸே இல்லை, நெல்லிக்குப்பம் போகிற பஸ்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் பொங்கலுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவான். நான் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். எங்கள் உறவு அவ்வளவுதான், வருஷத்துக்கு ஒரு கும்பிடு. இருபது நாள் முன்னால் இந்த ஸ்டுடியோ வாசலுக்கே வந்துவிட்டான். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினான், தாம்பாளம்கூட வாங்கிவந்திருந்தான், வாட்ச்மேன் நாற்காலியில் வைத்துக் கொடுத்தான். ‘அக்கா, நீங்க வந்து முடிச்சுப் போடணும். எனக்கு வேற அக்கா தங்கச்சி இல்லீங்க.’ மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான், மிச்ச இரண்டு முடிச்சையும் பின்னால் நிற்கிற அவன் அக்காவோ தங்கையோ போடுவாள். எல்லாக் கல்யாணத்திலும் பார்ப்பதுதான், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், அந்த நேரத்தில் எல்லோரும் அட்சதை போடுவதில் மும்முரமாக இருப்பார்கள். ஆனால் கடலூரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். வைத்தியலிங்கம் மகள் பண்ருட்டிப் பையன் கல்யாணத்தில் முடிச்சுப் போட்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தச் சீமாட்டியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று லூயி ராஜா முத்திரை குத்தி ஓலை எழுதினார், பாராளுமன்றத்தில் பதிந்தார், பட்டத்துக்குக்கூட வரலாம் என்று கடைசிக் காலத்தில் சட்டம் போட்டார், அவர் கண்ணை மூடி இரண்டு வருஷத்தில் அதையும் கிழித்தெறிந்தார்கள். நான் போடுகிற முடிச்சை யாரும் அவிழ்க்க முடியாது. அதனால்தான் பயம். என் கணவரிடம் சொன்னேன். ‘உங்க வீட்டு விஷயம், நீயே பாத்துக்க’ என்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

அம்மாவுக்குப் பயப்படுகிறேன் என்றுதான் இருபது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுபத்திரண்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள், அவள் அறைய மாட்டாள். அறைந்தால் தேவலை. பேசமாட்டாள். ஒருமுறை அப்பாவோடு பதினோரு நாள் பேசவில்லை, சாப்பாடு வைத்தாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், வார்த்தை மட்டும் இல்லை, பதினோராவது நாள் அப்பா கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பதினோரு நாள் எனக்கு வந்தால் தாங்கமாட்டேன். இது நிஜம். ஆனால் முழு நிஜமா என்று கேட்டால் இல்லை. எனக்குப் பொறாமை, சொன்னால் என்ன. முகுந்தனின் முகநூலில் பழைய படம் ஒன்று பார்த்தேன், ஆறு வயசுப் பையன் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான், சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்னால் ஓடிவருகிறார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பு. எங்கள் வீட்டில் அப்பா லுங்கி கட்டி நான் பார்த்ததில்லை, வேட்டிதான். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு மாமி. பட்டத்து இளவரசன் என்ன நினைத்தான் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ராணி பெற்ற பிள்ளை, அசல் வாரிசு, தன் அப்பா அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் கொஞ்சுவதைப் பார்த்து அவன் மனசில் என்ன இருந்தது. நான் படித்தவரை எங்கும் அகப்படவில்லை. அசலாகப் பிறந்தவர்களுக்கு வருத்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அவர்களுக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே. எனக்கு வீடு கிடைத்தது, இனிஷியல் கிடைத்தது, அவனுக்கு லுங்கி கட்டிய அப்பா கிடைத்தார்.

“சாரு, நான் ஒண்ணு சொல்லட்டுமா” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திலகா மேடம் மைக்கிலேயே கேட்கிறார். “அறைஞ்சதுக்கு அப்புறம் எந்த அம்மாவும் முழு வாக்கியம் பேசமாட்டா. மூச்சே இருக்காது. ‘சீ’ன்னு ஒண்ணு விட்டுட்டுத் திரும்பிடுவா. மீதியை அவ முதுகு சொல்லும்.” ஜெரோம் ஓட்டினான். மூச்சு, அறை, ‘சீ’, முதுகு. அச்சாகப் பொருந்தியது. ஒன்றேகால் மணி நேரம் நான் மூளையைக் கசக்கியதை அவர் ஒரே எழுத்தில் முடித்துவிட்டார். “டீ பிரேக்” என்றான் ஜெரோம். மணி மூன்று இருபது. எல்லோரும் வெளியே போனார்கள். நான் கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். வீட்டில் என் பீரோவில் பச்சைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை இன்று காலையில்தான் எடுத்துப் பைக்குள் போட்டேன். இருபது நாளாக வைத்திருக்கிறேனே தவிர ஒழுங்காகப் படிக்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் தேதியையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இப்போது மேலிருந்து வரி வரியாகப் படித்தேன். பெண் வீட்டுப் பக்கம், திரு இன்னார், திருமதி இன்னார் தம்பதியரின் குமாரத்தி. பிள்ளை வீட்டுப் பக்கம், ‘கடலூர் அமரர் திரு. ப. வைத்தியலிங்கம் அவர்களின் குமாரன்’. அப்புறம் முகுந்தன் பெயர், அவன் படிப்பு. நடுவில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை. அச்சுக்காரன் விட்ட பிழையோ என்று திருப்பிப் பார்த்தேன். அழைப்பவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தேன். என் பெயர் இருக்கிறது, தமக்கை என்று, என்னைக் கேட்காமலேயே போட்டிருக்கிறான். பெற்றவள் பெயர் எங்கேயும் இல்லை.

ராஜா அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு எழுதிய ஓலையில் இப்படித்தான் செய்தார். இயற்கை எமக்குள் வைத்த பாசத்தினாலும் இன்னும் பல காரணங்களாலும் என்று ஆரம்பித்து, குழந்தைகள் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது, அம்மா பெயர் கிடையாது. ஏனென்றால் அவளுக்கு ஊரில் புருஷன் இருந்தான். அவள் பெயரை எழுதினால் சட்டப்படி பிள்ளைகள் அந்தப் புருஷனுடையவர்கள் ஆகிவிடுவார்கள். அவன் சும்மா இருக்கிற ஆளும் இல்லை, பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டிக் கருமாதியே செய்தவன். ஆகவே அம்மாவை எடுத்துவிட்டு எழுதினார்கள். அவள் பெற்றாள், வலித்துப் பெற்றாள், பெரிய அரண்மனையில் ராணிக்கு அடுத்த இடத்தில் இருந்தாள், ஓலையில் மட்டும் இல்லை. பிள்ளைகள் அப்பா பெயரோடு மேலே போனார்கள், அவள் அந்த இடத்திலேயே அழிந்துபோனாள். படிக்கும்போது அந்தத் தந்திரத்தை ரசித்தேன். என்ன மூளை என்றுகூட ஜெரோமிடம் சொன்னேன். இங்கே அதைச் செய்தது ராஜா இல்லை, அவள் பிள்ளையே செய்திருக்கிறான். யாருக்காக? நான் வர வேண்டும் என்பதற்காக. பத்திரிகை எங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அம்மா கண்ணில் பட்டால் உறுத்தக்கூடாது. அக்காவைச் சேர்த்துக்கொள்ள அம்மாவை விட்டுவிட்டான்.

முகுந்தனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான், பின்னால் பந்தல்காரர்கள் சத்தம். “பத்திரிகையில உங்க அம்மா பேரு இல்லையே” என்றேன், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, நலமா என்றும் கேட்கவில்லை. “அம்மாதாங்கக்கா வேணாம்னாங்க. பேரு போட்டா நீங்க வரமாட்டீங்கன்னு. பெரியம்மா மனசு நோகும்னு.” பெரியம்மா. என் அம்மாவை அவன் எத்தனை வருஷமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறானோ. “நாளைக்கு அவங்க மேடையில நிப்பாங்கதானே?” “இல்லீங்கக்கா. நீங்க வந்தா அவங்க கீழ சாப்பாட்டு மண்டபத்துலயே இருந்துக்கறேன்னாங்க, சமையல் பக்கம். தாலி கட்டற இடத்துக்கு, மேலே கோயிலுக்கு வரமாட்டாங்க. எனக்கு அப்பா வழியில ஒருத்தராவது நிக்கணும், அது போதும்ங்கறாங்க.” “நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன். முதன்முறையாக அவனை ஒருமையில் கேட்டேன், கேட்ட பிறகுதான் கவனித்தேன். “நான் என்னங்கக்கா சொல்ல முடியும்” என்றான். “நீங்க வரீங்களா?” பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நான் போனால் அவள் சமையல்கட்டில் நிற்பாள். நான் போகாவிட்டால் அவள் மேடையில் நிற்கலாம், ஆனால் பின்னால் முடிச்சுப் போட ஆள் இருக்காது, யாரோ பக்கத்து வீட்டுப் பெண் போடுவாள், ஊர் பார்த்துச் சிரிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருத்தர் குறைகிறார்கள். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார். ஒன்றும் செய்திருக்க மாட்டார், லைன் பார்க்கக் கிளம்பிப் போயிருப்பார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். பிள்ளைகளைப் பெற்றுவிட்டு முடிச்சுகளை எங்களிடம் விட்டுப் போய்விட்டார்.

மூன்று நாற்பது. அம்மாவுக்குப் போட்டேன். “நான் ராத்திரி வரமாட்டேன்மா, வெளியூர் வேலை ஒண்ணு.” “எங்க?” “கடலூர் பக்கம்” என்றேன், சொல்லும்போதே என் காதில் அப்பா வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. அதே வார்த்தை, அதே பக்கம். பெண்ணாய்ப் பிறந்து, நாற்பத்தாறு வயதில், அப்பாவுடைய பொய்யை அப்படியே எடுத்து அதே மனுஷியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “இல்லம்மா” என்றேன். “வேலை இல்ல. முகுந்தனுக்கு நாளைக்குக் கல்யாணம். என்னை முடிச்சுப் போடக் கூப்பிட்டிருக்கான்.” அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. பதினோரு நாள் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். “பச்சைப் புடவைக்கு அடியில வெச்சிருந்தே” என்றாள் அம்மா. “தினம் நீ போனப்புறம் எடுத்துப் படிப்பேன். இன்னைக்குக் காலையில அங்க இல்ல. சரி, இன்னைக்குச் சொல்லுவேன்னு நினைச்சேன்.” அவளே தொடர்ந்தாள். “அதுல பெத்தவ பேரு எங்க?” “போடலம்மா. உனக்கு வருத்தமா இருக்கும்னு.” “நான் கேட்டேனா?” என்றாள். “பேரை விட்டுட்டா படிக்கறவன் என்ன நினைப்பான்? வைத்தியலிங்கம் பெண்டாட்டி சௌந்தரவல்லி, அப்ப இது அவ பெத்த புள்ளன்னு நினைப்பான். நான் பெறல. நான் பெத்தது உன்னை ஒருத்தியைத்தான். ஆம்பளப் புள்ள இல்லன்னு என் மாமியார் பேசின பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு நின்னவ நான். இப்ப வந்து ஓசியில ஒண்ணு எனக்கு வேணாம்.” “அம்மா.” “இரு. அவ பேரை ஐயரைச் சொல்லச் சொல்லு. அவளை மேலே கூட்டிவந்து புள்ளைக்குப் பக்கத்துல நிக்க வை. அவ நின்னா நீ முடிச்சைப் போடு. நிக்கலன்னா போடாம எழுந்து வந்துடு.” “உனக்குக் கோபமாம்மா?” “ஆமா” என்றாள். “யார் மேல?” “அதெல்லாம் உனக்கு எதுக்கு.” அது பெருந்தன்மையா, வீம்பா, முப்பது வருஷத்துப் பழியா, எனக்குத் தெரியவில்லை, இதை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தால் அந்த ஒரு வசனத்துக்கு எப்படிக் குரல் கொடுக்கச் சொல்வது என்றே தெரியாது. “அவங்க பேரு என்னம்மா?” என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்குத் தெரியாது. பண்ருட்டி, பண்ருட்டி என்றே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். “எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “என் வாயால சொல்லமாட்டேன். நீ கேட்டுக்க.” வைத்துவிட்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டு. டீ முடிந்து திலகா மேடம் தம்ளரோடு உள்ளே வருகிறார், ஜெரோம் பின்னாலேயே வந்து கன்சோலில் உட்காருகிறான், அடுத்த காட்சியைப் போடட்டுமா என்று கண்ணால் கேட்கிறான். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு முகுந்தனுக்குப் போட்டேன். இந்தத் தடவை மணி அடிப்பதற்குள் எடுத்தான். “உங்க அம்மா பேரு என்ன?” என்றேன். பந்தல் சத்தத்துக்கு நடுவில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்திலிருந்து யாராவது கேட்பார்கள் என்று அவன் இருபத்தொன்பது வருஷமாக எதிர்பார்த்து, எதிர்பார்ப்பதையும் விட்டிருப்பான். “தனபாக்கியம்ங்கக்கா” என்றான், ஏதோ ஆபீசில் படிவம் நிரப்புகிறவனிடம் சொல்வதுபோல, தெளிவாக, மெதுவாக. “நாளைக்கு ஐயர்கிட்ட அந்தப் பேரை நான் சொல்றேன்” என்றேன். “அவங்களைக் குளிச்சிட்டு நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு மேலே வரச்சொல்லு. அவங்க வராம நான் முடிச்சுப் போடமாட்டேன். பெரியம்மா சொன்னாங்கன்னு சொல்லு.” அவன் சரி என்றானா அழுதானா தெரியவில்லை, லைன் விட்டு விட்டு வந்தது. நான் பத்திரிகையையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். “ஜெரோம், மீதியை நாளன்னைக்கு வெச்சுக்கலாம். நான் ஊருக்குப் போகணும், என் தம்பிக்குக் கல்யாணம்.” திலகா மேடம் தம்ளரைக் கீழே வைத்தார். “உனக்குத் தம்பி இருக்கானா? இத்தனை வருஷப் பழக்கம், ஒரு நாள் சொன்னதில்லையே.”

“இருக்கான்” என்றேன். “இருபத்தொன்பது வயசாகுது.”